கழுத்து வலிக்காத தூர லென்ஸ்

1

ஆடிக் கிருத்திகை வந்தால் இங்கே ஒருவருக்கும் தெரியாது. தொழிற்சாலையில் சங்கு ஊதும். நான் நீலச் சட்டையை மாட்டிக்கொண்டு தறி இயந்திரங்களுக்குப் பல்சக்கரம் பொருத்துவேன். மத்தியானம் உருளைக்கிழங்கு. ஆல்ப்ஸ் மலையின் அடிவாரத்தில் உள்ள இந்த ஜெர்மன் ஊருக்கு நான் வேலைக்கு வந்து பதினைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. வருஷா வருஷம் காலண்டரில் கிருத்திகையைச் சிவப்பு மையால் வட்டமிட்டு வைப்பவள் என் மனைவி கமலா. இந்த வருஷமும் போட்டிருக்கிறாள். அதைப் பார்த்ததும் போன வருஷம் ஊருக்கு வந்தபோது நடந்த கூத்து ஞாபகம் வந்தது. அதிலிருந்து ஒரு லென்ஸ் வாங்கிய கதை ஞாபகம் வந்தது. சரி, நம் ஜனத்துக்கு எழுதி வைப்போம் என்று உட்கார்ந்தேன்.

முதலில் எங்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் தணிகாசலம், திருத்தணிக்காரன். இங்கே வந்த புதிதில் குடியிருப்பு அலுவலகத்தில் ஒரு அம்மாள், "குடும்பப் பெயர் என்ன?" என்று கேட்டார். நமக்கு ஏது குடும்பப் பெயர்? நான் விழித்தேன். அவர் என் பெயரையே அந்தக் கட்டத்தில் எழுதி முத்திரை குத்திவிட்டார். அன்றிலிருந்து கமலா திருமதி தணிகாசலம். என் பெண் குமுதா செல்வி தணிகாசலம். அவளுக்குப் பல் வலித்தால் மருத்துவமனை வராந்தாவில் என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள், நான் எழுந்து போய்விடுகிறேன். பள்ளிக்கூடத்தில் தோழிகளுக்கு அவள் வெறும் குமி. முழுசாகக் குமுதா என்று கூப்பிட நானும் கமலாவும்தான் மிச்சம். பதினைந்து வயது. என்னை மட்டும் இன்றுவரை நைனா என்றுதான் கூப்பிடுகிறாள், அந்தமட்டில் சந்தோஷம்.

எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் மலை. இங்கே ஊருக்கு ஊர் மலை நடைக்கென்று ஒரு சங்கம் உண்டு. நானும் குமுதாவும் அதில் உறுப்பினர்கள். முதல் தடவை போனபோது, அடிவாரத்தில் எல்லாரும் பூட்ஸ் கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் ஒரு பாறைமேல் உட்கார்ந்து அவிழ்த்துக்கொண்டிருந்தேன். திருத்தணிக்காரனுக்கு மலையடிவாரம் என்றால் செருப்பை விடுகிற இடம், கை தானாகப் போய்விட்டது. சங்கத் தலைவி ஹெல்கா, அறுபது வயது அம்மாள், காலில் கொப்புளமா என்று பதறிப்போய் பிளாஸ்திரியோடு ஓடி வந்தார். மலை ஏறப் போகிறோமே, அதனால் கழற்றினேன் என்று சொல்ல எனக்கு ஜெர்மன் போதவில்லை. என் ஜெர்மன் நட்டு, போல்ட்டு, கிரீஸ் வகையறா. பேசாமல் நன்றாக இருந்த காலில் பிளாஸ்திரியை ஒட்டிக்கொண்டு ஏறினேன்.

இவர்களுடைய இன்னொரு பழக்கம் எனக்குப் பிடிபட ரொம்ப நாளாயிற்று. மலைக்குக் கிளம்பும்முன் கனத்தைக் குறைத்துக்கொண்டே வருவார்கள். ஹெல்கா பல் தேய்க்கிற பிரஷ்ஷின் காம்பையே பாதியாக அறுத்து வைத்திருக்கிறார். கேட்டால், மேலே போகப்போக எல்லாம் இரட்டிப்பாகக் கனக்குமாம். நம் ஊரில் இதற்கு நேர் எதிர். யாராவது வெறுங்கையோடு மலை ஏறுவார்களா? காவடி, பால்குடம், ஒன்றும் இல்லையென்றால் இடுப்பில் ஒரு பிள்ளை. தோள் வலித்தால்தான் சாமி கணக்கில் சேரும்.

அந்தப் புத்தியோடுதான் நான் என் பழைய ஜூம் லென்ஸை வாங்கினேன். ஓய்வு பெற்ற ஒரு சகா விற்றது. முழுக்க உலோகமும் கண்ணாடியும். நம் ஆட்கள் பித்தளைக் குடம் வாங்கும்போது கையில் தூக்கிப் பார்த்து, "நல்லா கனமா இருக்குது" என்று வாங்குவோமே, அப்படியே தூக்கிப் பார்த்து வாங்கினேன். அம்மிக்குழவி கனம். கேமராவில் மாட்டினால் கேமரா அதில் தொங்குமே ஒழிய அது கேமராவில் தொங்காது. கையில் பிடித்தால் ஆடும், ஆகவே ஒரு முக்காலி. முக்காலிக்கு ஒரு பை. அதைத் தூக்கிக்கொண்டுதான் போன வருஷம் ஊருக்கு வந்தேன்.

2

மெட்ராஸ் விமான நிலையத்தில் சுங்க அதிகாரி அதை வெளியே எடுக்கச் சொன்னார். இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் வைத்து, வரிசையின் கடைசியில் நின்றவரின் மூக்கைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். பிறகு, திரும்பிப் போகும்போது கொண்டுபோய்விட வேண்டும் என்று பாஸ்போர்ட்டில் எழுதி அனுப்பினார்.

என் அக்கா வீட்டுக்காரர் முனிரத்தினம் பாவாவுக்கு அம்மையார்குப்பத்தில் தறி. கைத்தறியை விட்டு பவர்லூம் போட்ட புதிதில் மோட்டார் வாரத்துக்கொரு தடவை புகைந்து நின்றதாம். இது ஒழுங்காக ஓடினால் புஷ்பக் காவடி எடுக்கிறேன் என்று முருகனிடம் வேண்டிக்கொண்டார். மோட்டார் ஓடிவிட்டது. எங்கள் வீட்டில் ஒரு வழக்கம். காவடி எடுக்கிறவனுக்குப் பக்கத்தில் மச்சான் நடக்க வேண்டும். சொம்பில் தண்ணீர், தோளில் துண்டு, வாயில் அரோகரா. ஆள் தள்ளாடினால் தாங்கிப் பிடிக்க வேண்டும். அந்த மச்சான் நான்தான்.

கிருத்திகை அன்று காலையில் சரவணப் பொய்கையில் குளித்துவிட்டு மஞ்சள் வேட்டியில் நின்ற பாவா, நான் பையைத் திறந்ததும் எட்டிப் பார்த்தார்.

"இன்னா மச்சான் இது, பீரங்கியா?"

"தூரத்துல இருக்கிறதைக் கிட்ட காட்டும் பாவா."

"நான் கிட்டதானே இருக்கேன்? தூரமா போய் நின்னுகினு எதுக்குடா கிட்ட காட்டணும்? பக்கத்துல நடந்து வா, போதும்."

"கூட்டத்துல நடந்துகினே எடுத்தா படம் ஆடிடும் பாவா. எதிர்ல சத்திரத்து மொட்டை மாடில முக்காலி போட்டுகினு எடுக்கறேன். நீங்க ஏறி முடிக்கிற வரைக்கும் ஒண்ணு விடமாட்டேன்."

அக்காவுக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. "அப்போ பக்கத்துல யாருடா நடக்கறது? உன் முக்காலியா?"

"நான் நடக்கறேன் அத்தே" என்றாள் குமுதா.

எல்லாரும் திரும்பிப் பார்த்தோம். வந்ததிலிருந்து வெயில், கொசு, காரம் என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்த பெண். எப்போது திரும்பிப் போவோம் என்று நாள் எண்ணிக்கொண்டிருந்தவள். அவளே சொம்பை வாங்கிக்கொண்டு செருப்பைக் கழற்றினாள். நான் மாடிக்குப் போனேன்.

சும்மா சொல்லக்கூடாது, அந்த லென்ஸ் வழியாகப் பார்த்தால் படிக்கட்டு கைக்கெட்டுகிற மாதிரி இருந்தது. மஞ்சள் வேட்டி, பெரிய மீசை, புஷ்பக் காவடி. பாவாவைப் பிடித்துவிட்டேன். அவர் ஒரு படி ஏற, நான் ஒரு இழுப்பு இழுக்க, சில சமயம் கூட்டம் மறைக்க, மறுபடி பிடிக்க, ஒரு பிலிம் சுருள் முழுவதும் தீர்த்தேன். பிறகு முக்காலியை மடக்கிக்கொண்டு, மூச்சிரைக்க மேலே போய்ச் சேர்ந்தபோது பாவா இறக்கி வைத்துவிட்டு மண்டபத் தூணில் சாய்ந்திருந்தார்.

"மச்சான், உன் பொண்ணு சிங்கம்டா! தண்ணி குடுத்துகினு, விசிறிகினு, வழி விடுங்க வழி விடுங்கன்னு கத்திகினே வந்தா. சித்தூர்க்காரன், அரக்கோணத்துக்காரன் அத்தினி பேரும் ஒதுங்கிட்டான்."

"எந்த பாஷையில பாவா கத்தினா?"

"அது இன்னா பாஷையோ, யாரு கண்டா? ஒதுங்கினாங்களா இல்லியா?"

கூட்டத்தில் பதற்றப்பட்டதும் அவள் வாயில் வந்தது ஜெர்மன். திருத்தணி மலையில் ஜெர்மனில் வழி கேட்ட முதல் ஆள் என் பெண்ணாகத்தான் இருப்பாள். பாதம் இரண்டும் சிவந்து கிடந்தன. ஆனால் முகத்தில் அப்படி ஒரு பெருமை. நான் அவளை அப்படிப் பார்த்து வருஷங்கள் ஆகியிருந்தன.

3

திரும்பி வந்து பிலிமைக் கழுவக் கொடுத்து, ஸ்லைடுகள் வந்ததும், விளக்குப் பெட்டியில் போட்டுப் பெரிதாகப் பார்க்கச் சுவரில் வெள்ளைப் படுக்கை விரிப்பைக் கட்டினேன். கமலா முறுக்கு எடுத்து வைத்தாள். குமுதா தானாகவே வந்து தரையில் உட்கார்ந்தாள். முதல் படம் விழுந்தது. என்ன தெளிவு! நெற்றி வியர்வை தெரிகிறது. இரண்டாவது, மூன்றாவது. நான் என்னை நானே மெச்சிக்கொண்டிருந்தேன்.

"நைனா, இது மாமா இல்ல" என்றாள் குமுதா.

"மீசையைப் பாருடி."

"மாமா பக்கத்துல நான்தானே நடந்தேன்? படத்துல நான் எங்க?"

படத்தில் அந்த ஆளுக்குப் பக்கத்தில் தாடிக்காரக் கிழவர் ஒருவர் நடந்துகொண்டிருந்தார். அடுத்த படத்திலும் அவரே. அதற்கடுத்ததிலும். அடிவாரத்திலிருந்து உச்சி வரை நான் யாரோ ஒரு புண்ணியவானை விடாமல் துரத்திப் படம் எடுத்திருக்கிறேன். பாவா ஒன்றில்கூட இல்லை. குமுதாவும் இல்லை.

கமலா சிரிக்க ஆரம்பித்தவள் நிறுத்தவே இல்லை. "யாரு வீட்டுக் காவடியோ, முழுசா ஏத்தி விட்டு வந்திருக்கீங்க!" எனக்கும் சிரிப்பு அடக்க முடியவில்லை. மாடி ஏறி, முக்காலி போட்டு, இவ்வளவு கனத்தைக் கடல் தாண்டித் தூக்கிப் போய், கடைசியில் ஊர் பேர் தெரியாதவன்!

குமுதா சிரிக்கவில்லை. "கால் சுட்டுது நைனா. நீ பாத்துகினு இருக்கேன்னு நெனச்சிகினேதான் ஏறினேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

நான் கடித்த முறுக்கைத் தட்டிலேயே வைத்துவிட்டேன்.

அதற்குப் பிறகும் ஞாயிறு நடை தொடர்ந்தது. ஆனால் எப்படித் தொடர்ந்தது என்றால், நான் வளைவுக்கு வளைவு முக்காலியை விரிப்பேன், அவள் நிற்பாள். சங்கத்தார் கண்ணுக்கு மறைந்துவிடுவார்கள். நான் மடக்குவேன், இருவரும் ஓடுவோம். இந்த வசந்த காலத்தில் ஒருநாள் அவள் சொல்லிவிட்டாள்.

"அடுத்த மாசத்துல இருந்து நான் வரல நைனா. சிநேகிதிங்களோட நீச்சல் குளத்துக்குப் போறேன்."

"ஏம்மா?"

"நான் உன்கூட நடக்கல. உன் லென்ஸுக்காக நின்னுகினு இருக்கேன்."

ஊரில் உள்ளவர்களுக்கு இது சின்ன விஷயமாகத் தோன்றலாம். எனக்கு அப்படி இல்லை. திங்கள் முதல் சனி வரை அவள் பள்ளிக்கூடம், அறைக்கதவு, டெலிபோன், எல்லாம் ஜெர்மன். சாப்பாட்டு மேஜையில் என்னோடு பேசுவது உப்பு, ரசம், போதும். வாய்விட்டு, கதை கதையாக, தப்பும் தவறுமாகத் தமிழில் என்னோடு பேசுவது அந்த மலைப்பாதையில் மட்டும்தான். அதுவும் போனால் ஒரே வீட்டில் குடியிருக்கும் வேற்று ஆட்கள் ஆகிவிடுவோம். பயமாக இருந்தது.

"நிக்காம நடந்துகினே எடுக்கற மாதிரி, லேசா ஒரு லென்ஸ் வாங்கிடறேன். அப்போ வருவியா?"

"பாக்கலாம்" என்றாள்.

கமலா அடுப்படியிலிருந்தே கத்தினாள். "அந்தச் சனியனை முதல்ல தூக்கிக் கடாசுங்க. பொண்ணு பெருசா, கண்ணாடி பெருசா?"

4

லென்ஸ் வாங்குவதும் பெண் பார்க்கிற மாதிரிதான், எல்லாம் ஒரே இடத்தில் அமையாது. அடிப்படை சங்கதி இதுதான். தூரத்தைக் கிட்டக் கொண்டுவர வேண்டுமானால் லென்ஸ் நீளும். இருட்டான காட்டிலும் எடுக்க வேண்டுமானால் வாய் அகலமாக வேண்டும், அகன்றால் உள்ளே கண்ணாடி பெருக்கும், பெருத்தால் கனக்கும். தூரம், வெளிச்சம், லேசு. மூன்றும் வேண்டும் என்று கேட்டால் கடைக்காரர் சிரிப்பார். எங்கள் ஊர்க் கடைக்காரர் சிரித்தார்.

சனிக்கிழமை குமுதாவையும் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். பேச்சுக்கு அவள்தான் துணை. நான் ஒரு வாக்கியம் தொடங்கி வினைச்சொல்லைத் தேடிக்கொண்டிருக்கும்போதே அவள் முடித்துவிடுவாள். அதில் ஒரு அலுப்பு அவளுக்கு, ஒரு கூச்சம் எனக்கு.

கடைக்காரர் முதலில் காட்டியது கண்ணாடி வில்லைகளுக்குப் பதில் உள்ளே முகம் பார்க்கிற மாதிரி வளைந்த ஆடி வைத்த லென்ஸ். ஐந்நூறு மில்லிமீட்டர். குட்டையாக, டப்பா மாதிரி, அந்த நீளத்துக்கு நம்பவே முடியாத லேசு. நான் மயங்கிவிட்டேன். அதில் எடுத்த ஒரு படத்தைக் காட்டினார். முன்னால் பறவை ஜோராக இருந்தது. பின்னால் மங்கலாகத் தெரிய வேண்டிய வெளிச்சப் புள்ளிகள் எல்லாம் வளையம் வளையமாக, நடுவில் ஓட்டையோடு விழுந்திருந்தன.

"வடை" என்றாள் குமுதா.

அவள் ஜெர்மனில் சொல்லாமல் தமிழில் சொன்னதால் கடைக்காரர் அது ஏதோ தொழில் வார்த்தை என்று நினைத்துத் தலையாட்டினார். தவிர, அதன் வாயைச் சுருக்கவோ விரிக்கவோ முடியாது, எப்போதும் எட்டாம் நம்பர், ரொம்பக் குறுகல். நல்ல வெயில் இல்லாவிட்டால் ஷட்டர் மெதுவாக ஓடும், கை ஆடும், மறுபடியும் முக்காலி. வேண்டாம்.

அடுத்து, இருக்கிற லென்ஸை நீட்டுகிற ரெட்டிப்புக் கண்ணாடி ஒன்று. உள்ளங்கையில் அடங்கும். ஆனால் வருகிற வெளிச்சத்தில் முக்கால்வாசியைத் தானே சாப்பிட்டுவிடும். அதுவும் வேண்டாம். அப்புறம் இருநூறு மில்லிமீட்டரில் ஒன்று, நூற்று முப்பத்தைந்தில் ஒன்று. ஜூம் கிடையாது, இரண்டும் ஒரே நீளத்தில் நிற்பவை. இருநூறு என் பழையதில் பாதிக் கனம்கூட இல்லை. நூற்று முப்பத்தைந்து அதைவிடவும் லேசு, டம்ளர் அளவுதான். கடைக்காரர் எனக்கு ஒரு கணக்கும் சொன்னார். கையில் பிடித்து எடுக்கும்போது, லென்ஸ் எத்தனை மில்லிமீட்டரோ, ஷட்டர் வினாடியில் அத்தனையில் ஒரு பங்குக்காவது வேகமாக ஓட வேண்டும். மலை ஏறி மூச்சிரைக்கிறவனுக்கு இன்னும் வேகம் வேண்டும். அதனால் நீளம் கூடக் கூட நம் ஸ்லைடு பிலிமுக்கு வெளிச்சம் பற்றாது. இதை எனக்கு யாராவது முன்னாலேயே சொல்லியிருந்தால் ஒரு முக்காலி மிச்சம்.

எனக்கு இருநூறின் மேல்தான் கண். மலையாடு, கழுகு எல்லாம் தூரத்தில் அல்லவா இருக்கும்? கையில் தூக்கிப் பார்த்தேன். பழைய புத்தி, கனமாக இருப்பதுதான் உசத்தி என்று உள்ளே சொல்லியது. குமுதா இரண்டையும் மாற்றி மாற்றிக் கேமராவில் மாட்டச் சொல்லி, கழுத்தில் போட்டுக்கொண்டு கடையின் மாடிப்படியில் ஏறி இறங்கினாள். அதுவும் ஒரு தடவை இல்லை. கடைக்குள் இருந்தவர்கள் எல்லாம் வேடிக்கை பார்த்தார்கள்.

"இது இடிக்குது" என்று இருநூறைக் கழற்றினாள். "இது இருக்கிறதே தெரியல" என்று மற்றதைத் தட்டிக் காட்டினாள்.

"மலையாடு கடுகாட்டம் விழும்மா இதுல."

"கிட்ட வேணும்னா நடந்து போ நைனா."

முனிரத்தினம் பாவாவே நேரில் வந்து சொன்ன மாதிரி இருந்தது. நூற்று முப்பத்தைந்தையே வாங்கிவிட்டேன். பழைய அம்மிக்குழவியையும் முக்காலியையும் கடைக்காரர் அதற்கு ஈடாக எடுத்துக்கொண்டார். தூக்கும்போது அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே!

5

"பாக்கலாம்" என்றவள் வந்தாள். முதல் ஞாயிறு வந்தாள், அடுத்ததும் வந்தாள். நீச்சல் குளத்துப் பேச்சே இல்லை.

லென்ஸின் யோக்கியதையைப் பற்றிக் கேட்பவர்களுக்குச் சொல்கிறேன். கழுத்தில் கிடப்பதே தெரியாது. நடக்கிற நடையிலேயே தூக்கி ஒரு அழுத்து, மறுபடி நடை. மலைமுகடுகள் அடுக்கடுக்காக நெருங்கி விழுகின்றன. ஆட்களின் முகத்துக்கு இதைவிட நல்லது இல்லை, மூக்கு மூக்காகவே இருக்கும். மலையாடு கடுகுதான். கழுகு கடுகைவிடச் சின்னது. போகட்டும்.

இன்னொன்றும் நடந்தது. நாங்கள் பக்கத்தில் பக்கத்தில் நடந்தோம். அவள் பேசினாள். கணக்கு வாத்தியாரின் நடையை நடித்துக் காட்டினாள். ஆர்.கே.பேட்டை டவுன் பஸ்ஸில் கோழிக்கூடையோடு ஏறிய அம்மாள் தன் மடியில் அதை வைத்துவிட்டுத் தூங்கிப்போனதை, போன வருஷம் என்னிடம் சொல்லாததை, இப்போது சொன்னாள். வழியில் ஒரு நீலப்பூவைக் காட்டி, "இதுக்குத் தமிழ்ல இன்னா?" என்றாள். இது நம்ம பக்கம் பூக்காதும்மா என்றேன். "அப்போ நாமளே வெப்போம்" என்று அதற்கு மாமா மீசை என்று பேர் வைத்தாள். ஹெல்கா எங்களைத் திரும்பிப் பார்த்து, இந்த வருஷம் தணிகாசலம் குடும்பம் முன்வரிசையில் நடக்கிறதே என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. இப்படியே இன்னும் பத்து வருஷம் நடக்கலாம் என்று மனசுக்குள் திட்டமே போட்டுவிட்டேன்.

போன வாரம் குமுதா என் அறை வாசலில் வந்து நின்றாள்.

"நைனா, வர்ற ஞாயித்துக்கிழமை நானும் சிநேகிதிங்களும் மலைக்குப் போறோம். பெரிய மலை. மேல மலைக் குடிசை ஓட்டல்ல சாப்ட்டுட்டு சாயங்காலம் ரயில்ல வந்துடுவோம்."

"ஹெல்கா வர்றாங்களா?"

"இல்ல. பெரியவங்க யாரும் இல்ல."

"நான் வேணா சும்மா கூட..."

"வேணாம் நைனா." குரலில் கோபம் இல்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு நானும் கத்தியிருப்பேன். "ஒண்ணு கேக்கட்டா? கேமராவும் லென்ஸும் குடுக்கறியா? கனமே இல்லியே, நானே தூக்கிடுவேன்."

அவள் என்னோடு நடக்க வேண்டும் என்றுதான் லேசாகத் தேடித் தேடி வாங்கினேன். லேசாக இருப்பதால் அவளே எடுத்துக்கொண்டு போகிறாள். இதை யாரிடம் போய்ச் சொல்வது? ஆனால் கேட்டது நீச்சல் குளம் இல்லையே, மலை. அந்த மட்டுக்கும் மனசைத் தேற்றிக்கொண்டு, எடுத்துத் துடைத்து, அவள் கழுத்தில் நானே மாட்டி, வாரைச் சுருக்கிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவள் படியிறங்கும்போது, சீக்கிரம் வந்துடும்மா என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "வெளிச்சம் போறதுக்குள்ள எடுத்துடு" என்றுதான் வந்தது.

"ஆங், தெரியும் நைனா!" என்று கீழேயிருந்து குரல் வந்தது.

அன்று பகல் முழுக்க நான் வீட்டில் என்ன செய்தேன் என்று எனக்கே தெரியாது. குழாயைக் கழற்றி மாட்டினேன். கமலா போட்ட காப்பியை ஆறவிட்டேன். சாயங்காலம் இருவரும் பால்கனியில் போய் நின்றோம். ரயிலடியிலிருந்து வருகிற சாலை அங்கிருந்து மாதாகோயில் வளைவு வரை தெரியும். வளைவில் நாலைந்து பிள்ளைகள் திரும்பினார்கள். எல்லார் முதுகிலும் பை, எல்லாரும் ஒரே உயரம்.

கமலா கையை நெற்றிக்குக் கொடுத்துப் பார்த்தாள். "அதுல நம்ம பொண்ணு இருக்குதா?"

"தெரியலடி."

"உங்க தூர லென்ஸை எடுத்தாந்து பாருங்களேன்!"

"அது அவகிட்டதானே இருக்குது" என்றேன்.